எரிச்சல் நின்றால் நரம்பு குணமாகிவிட்டதா?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு மகள் தன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 54 வயது. கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிறவர். பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார். ஆரம்பத்தில் இரண்டு பாதத்திலும் காந்தல், ராத்திரி தூக்கம் போகிற அளவுக்கு. அப்புறம் சுருக் சுருக்கென்று குத்தல். சில மாதம் மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் வலியைக் குறைக்கிற பிரீகாபலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது கொஞ்ச நாளாக எரிச்சலே இல்லை. “சரியாப்போச்சு, இனி எதுக்கு மாத்திரை” என்கிறாராம். இது குணமா, ஏன் இப்படி மாறி மாறி வருகிறது, மாத்திரையை நிறுத்தலாமா, கடலுக்குப் போகலாமா என்பவைதான் கேள்விகள்.

எரிச்சல் நின்றதை மட்டும் வைத்துக் குணம் என்று சொல்ல முடியாது. நரம்பு தேறினாலும் வலி குறையும், நரம்பு செத்தாலும் வலி குறையும், மாத்திரை வேலை செய்தாலும் குறையும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றில் அரித்த ஒயரைப் பார்த்திருப்பீர்கள். பல்பு கொஞ்ச நாள் விட்டு விட்டு எரியும், ஸ்விட்சில் பொறி பறக்கும், அப்புறம் ஒரு நாள் ஒரு தொந்தரவும் இல்லாமல் அணைந்துவிடும். பொறி நின்றது ஒயர் சரியானதால் அல்ல. சர்க்கரையால் நரம்பு கெடும்போதும் இந்த வரிசை அடிக்கடி நடக்கிறது: எரிச்சல், குத்தல், மதமதப்பு, கடைசியில் அமைதி. அந்த அமைதியில்தான் கால் போகிறது என்று இந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகையால் அம்மாவிடம் “வலிக்குதா” என்று கேட்பதை விட்டுவிட்டு, தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் பெயரால் வழங்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அம்மாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் வலது அல்லது இடது என்று மட்டும் அவர் சொன்னால் போதும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை மிக லேசாக ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு இடம். ஒரு விரலுக்குப் பதில் வரவில்லை என்றால் மறுபடி தொட்டுப் பார்த்து மார்க் போடக் கூடாது. தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் பாதம் தன்னைக் காத்துக்கொள்கிற உணர்ச்சியை இழந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் எரிச்சல் நின்றதைக் கொண்டாட ஒன்றுமில்லை.

ஆறும் தெரிந்தால் நல்லதுதான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையை வைத்தும், தட்டினால் அதிர்கிற 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பில் வைத்தும் பார்க்கிற சோதனைகளை விட வேண்டாம். காரணம், நரம்பில் மெல்லிய இழைகள், தடித்த இழைகள் என இரண்டு விதம் உண்டு. சூடு, குளிர்ச்சி, வலி இவற்றைச் சொல்பவை மெல்லியவை, காந்தல் அங்கிருந்துதான். அதிர்வையும், கால் தரையில் எங்கே எப்படிப் படுகிறது என்பதையும் சொல்பவை தடித்தவை. மெத்தை மேல் நடக்கிற மாதிரி என்று அம்மா சொன்னது இந்தத் தடித்த இழைகளின் புகார். ஆக, அவருடைய தொந்தரவு மாறியபோது நோய் வேறொன்றாக மாறவில்லை, பாதிப்பு ஒரு வகை இழையிலிருந்து இன்னொன்றுக்கும் போயிருக்கிறது. இன்னொன்றும் இதனால்தான் நடக்கிறது: மின்சாரம் வைத்துப் பார்க்கிற நரம்புச் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். காலெல்லாம் நெருப்பாக எரியும்போதே “ரிப்போர்ட் நார்மல்” என்று வருவது அப்படித்தான். நார்மல் என்றதும் வீட்டில் “சும்மா சொல்றாங்க” என்று நினைத்துவிடுகிறார்கள். பாவம், அது உண்மையான வலி.

பாதத்தில் ஏன் முதலில் என்றால், நீளம். கால்விரல் நுனி வரை வருகிற நரம்பிழையின் உயிர்ப்பகுதி இடுப்புக்கருகே முதுகெலும்பையொட்டி இருக்கிறது. அங்கிருந்து சத்து போய்ச் சேர வேண்டிய தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். சர்க்கரை கெடுக்கும்போது கடைக்கோடிதான் முதலில் வாடும். அதனால் இரண்டு காலிலும் விரலில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்கால் கிட்டத்தட்ட எட்டும்போதுதான் கைவிரலில் தொடங்கும். இந்த வரிசை மீறினால் வேறு எதையாவது தேட வேண்டும். பாதம் ஓரளவு நன்றாக இருக்கும்போதே கை மரத்துப்போனால் பி12 குறைவோ கழுத்தெலும்போ காரணமாக இருக்கலாம். வலை கட்டுகிறவர்கள், நாளெல்லாம் நண்டு உடைக்கிறவர்கள், பெருவிரலிலிருந்து மோதிரவிரல் வரை மட்டும் மரத்து, ராத்திரி கையை உதறிக்கொண்டே எழுந்தால், அது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. அதற்கு வைத்தியமே வேறு. ஒரே இடத்தில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

சரி, ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் இருப்பது ஏன்? நாளுக்கு நாள் வருகிற ஏற்ற இறக்கம் பெரும்பாலும் நரம்பு கெட்டதையோ தேறியதையோ காட்டுவதில்லை. ராத்திரியில் கூடுவது பெரும்பாலோருக்கு உள்ளது. பகலில் வேலையும் பேச்சும் கவனத்தை இழுத்துக்கொள்கின்றன, படுத்த பிறகு காலைத் தவிர கவனிக்க ஒன்றுமில்லை. போர்வை உரசினாலே தாங்காது என்பார்கள். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் சிலருக்குக் காந்தல் கூடும், மார்கழி வாடையில் வேறு சிலருக்குக் குத்தல் கூடும். நெடுநேரம் நின்றது, தூக்கம் கெட்டது, சர்க்கரை எகிறிய நாள், காய்ச்சல், மது, கவலை எல்லாமே வலியின் அளவைக் கூட்டும். இவற்றைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோக வேண்டாம்.

மாதக் கணக்கில் வருகிற மாற்றம்தான் கவனிக்க வேண்டியது. அதில் மூன்று விஷயங்கள் எங்கள் பக்கத்தில் அடிக்கடி தவறிப்போகின்றன.

முதலாவது பி12. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பல வருஷம் சாப்பிடும்போது உணவிலுள்ள பி12 உடம்பில் சேர்வதை அது குறைக்கும். பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு, இதே தள்ளாட்டம். “நாங்க தினமும் மீன் சாப்பிடுறோம், எங்களுக்கு எப்படிக் குறையும்” என்று கேட்பார்கள். மத்தி, சூடை, நண்டு, சிப்பி எல்லாவற்றிலும் பி12 நிறையத்தான் இருக்கிறது. ஆனால் சட்டியில் இருப்பது வேறு, குடல் உறிஞ்சுவது வேறு. ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம் என்பதால் ரத்தத்தின் அளவு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்து ஊசி போட ஆரம்பித்தால் மதமதப்பு இருந்த இடத்தில் கொஞ்ச காலம் குறுகுறுப்பு கூடக்கூடும். அதைக் கண்டு ஊசியை நிறுத்துகிறவர்கள் உண்டு. சேதமான நரம்பு வளர்வதே நல்ல நிலைமையில் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. மாதக் கணக்கில்தான் பலன் தெரியும். தாமதமாக ஆரம்பித்தால் முழுதும் திரும்பாது.

இரண்டாவது, சர்க்கரையை வேகமாக இறக்குவது. நீண்ட நாள் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரையை, பயந்துபோய், இன்சுலினும் பட்டினியுமாகச் சில வாரத்தில் இறக்கும்போது சிலருக்கு எரிச்சல் புதிதாகக் கிளம்பும். ஹெச்பிஏ1சி என்று ரிப்போர்ட்டில் வருகிற சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் இறங்கினால் இது நடக்க வாய்ப்பு அதிகம். உடனே “இன்சுலின் போட்டதாலதான் கால் போச்சு” என்று ஊரே சொல்லும். வைத்தியத்தை விட வேண்டியதில்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். அந்த எரிச்சல் மாதங்கள் போகப் போகப் பெரும்பாலும் தணியும்.

மூன்றாவது, நரம்பு மாத்திரை. மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கி வருஷக்கணக்கில் விழுங்கும் சத்து மாத்திரைகள் பலவற்றில் பி6 சேர்ந்திருக்கிறது. பி6 அளவு மீறி நீண்ட காலம் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ஒரு டாக்டர் எழுதியது, இன்னொருவர் எழுதியது, மருமகன் வாங்கி வந்தது என்று மூன்று டப்பாவிலும் ஒரே சரக்கு இருக்கும். எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் அதே சாக்கில் பார்த்துவிடலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை மாத்திரையா, வலி மாத்திரையா? சர்க்கரை மாத்திரையை எரிச்சல் நின்றதற்காக நிறுத்துவது ஆபத்து, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. பிரீகாபலின், காபாபென்டின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் போன்றவை வலியின் சத்தத்தைக் குறைப்பவை, நரம்பைச் சரிசெய்பவை அல்ல. வலி பாதியாகக் குறைந்தாலே அந்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதுதான் கணக்கு. எரிச்சல் பல வாரம் அடங்கியிருந்தால் அளவைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். டாக்டர் சொல்லி, மெதுவாக. திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மை, படபடப்பு, வலி திரும்புதல் எல்லாம் வரலாம். அம்மாவின் கால் வீங்கினால் அது பிரீகாபலினாலும் இருக்கலாம், சிறுநீரகத்தாலும் இருக்கலாம், சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு பிரீகாபலின், காபாபென்டின் இரண்டையும் குறைந்த அளவில்தான் கொடுக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் ஊசி, அதே வகைச் சாதாரண வலி மாத்திரை இவை இந்த வலிக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். ஆனாலும் எங்கள் ஊர்களில் அதுதான் அதிகம் போகிறது.

வள்ளத்தில் ராத்திரித் தொழிலுக்குப் போகிற ஆண்களும் இதைப் படித்தால்: இந்த மருந்துகள் தூக்கக் கலக்கம் தரும், ஆரம்ப நாட்களில் தலை சுற்றும். மருந்து தொடங்கும்போதும் அளவு கூட்டும்போதும் சில நாள் கடலுக்குப் போகாமல் இருங்கள். தொழில் நேரத்தைச் சொல்லிவிட்டு எப்போது சாப்பிடுவது என்று கேளுங்கள். “படுக்கும்போது ஒண்ணு” என்று சீட்டில் இருப்பதை, ராத்திரி படகில் இருக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எழுதுகிறவருக்குத் தோன்றியிருக்காது. அமிட்ரிப்டிலின் சாப்பிடும் வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம், அதையும் மறைக்க வேண்டாம்.

மிளகாய் வைத்தியம் பற்றியும் கேட்கிறார்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை வைத்துச் செய்த களிம்பு நரம்பு வலிக்கு உண்டு, நிஜம்தான். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்காக வீட்டில் முண்டு மிளகாயை அரைத்துக் காலில் பூசக் கூடாது! களிம்பில் அது அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் களிம்பையே புண்ணில்லாத தோலில்தான் போட வேண்டும்.

இனி பாதம். உணர்ச்சி குறைந்த காலுக்குக் கண்தான் காவல். தினமும் ஒரே நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில், உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். அம்மாவால் குனிய முடியாவிட்டால் நீங்களே பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இந்த மாவட்டத்தில் எனக்குப் பெரிய பயம் சீமைக்கருவேல முள். ஹவாய் செருப்பின் அடியை அது துளைத்துக்கொண்டு உள்ளே வரும். முள் செருப்பிலேயே தங்கிவிட்டால், நடக்க நடக்க அதே இடத்தில் குத்திக்கொண்டே இருக்கும். மரத்த காலுக்குத் தெரியாது, சாயங்காலம் தரையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரியவரும். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள், அடியைத் திருப்பியும் பாருங்கள். செருப்பு நழுவியது தெரியாமலே அம்மா நடந்து வந்துவிடுகிறார் என்றால் குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, மெத்தென்ற ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்புக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது. புதுச் செருப்பைக் கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பார்த்து வாங்குங்கள்.

வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்திவிடுங்கள். கால் மரத்திருக்கிறதே, சூடு கொடுத்தால் ரத்தம் ஓடும் என்று நல்லெண்ணத்தில் கொடுத்து, மறுநாள் கொப்புளத்தோடு வருகிறார்கள். திருக்கை முள் குத்தினால் காலைச் சூடான தண்ணீரில் வைப்பது சரியான முதலுதவிதான், ஆனால் மரத்த காலுக்கு அந்தச் சூட்டை வேறொருவர் கையை விட்டுப் பார்த்த பிறகுதான். மத்தியான மணல், படகுத் தளம், கோயில் வெளிக்கல் எல்லாம் இதே கணக்கு. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்றால் விடியற்காலையில் போய் வந்துவிடுங்கள், ஈரக்கல்லில் யாராவது கையைப் பிடித்துக்கொள்ளட்டும். பூக்குழி இறங்குவது வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

தடித்த இழைகள் கெட்டவர்கள் கண்ணை வைத்துத்தான் நிற்கிறார்கள். முகத்துக்குச் சோப்பு போடக் கண்ணை மூடினால் தள்ளாடுவதும், கரண்ட் போனால் விழுவதும் அதனால்தான். குளியலறையில் பிடிக்க ஒரு கம்பி, ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. செலவில்லாத வைத்தியம்.

கடலுக்குப் போகலாமா? இதுதான் கஷ்டமான கேள்வி, ஏனென்றால் அது வருமானம். தொடுசோதனையில் ஆறும் தெரிந்து, காலில் புண்ணோ வெடிப்போ இல்லாமல் இருந்தால் நான் தடுக்க மாட்டேன். விரலுக்குத் துணியும் ரப்பரும் சுற்றிக்கொள்கிற பழக்கம் பாசி எடுக்கிறவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. காலுக்கும் அதே அக்கறை வேண்டும்: குதிகாலை மூடும், அடி தடித்த ரப்பர் ஷூ, நழுவாமல் கட்டியது. பாறையும் சிப்பியும் கிழித்தது தண்ணீருக்குள் யாருக்குமே சரியாகத் தெரியாது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பார்க்க வேண்டும். உணர்ச்சி போய்விட்டது என்றால் பாறையில் நிற்கிற வேலையை விட்டு, கரையில் காயவைக்கிற, பிரிக்கிற வேலைக்கு மாறச் சொல்வேன். திறந்த புண் இருந்தால் ஆறும்வரை கடல் தண்ணீரே கூடாது. உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நம்புகிறோம். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது, சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர்களின் காயத்தில் புகுந்தால் சில மணி நேரத்தில் சிவப்பு பரவி, கருநிறக் கொப்புளம் எழும்பி, உயிருக்கே ஆபத்தாகும். கடலில் பட்ட காயத்தோடு காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத வேறு சிலவும் உண்டு. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்து, வலி அவ்வளவாக இல்லையென்றால் சுளுக்கு என்று உருவிவிடாதீர்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் கொண்டுபோங்கள். சில நாளுக்குள் இரண்டு காலிலும் பலம் குறைந்து மேலே ஏறினால், ஒரு பக்கக் கை கால் முகம் திடீரென மரத்தால், மலஜலக் கட்டுப்பாடு போனால், அதே நாளில் பெரிய ஆஸ்பத்திரி. ராமநாதபுரத்தில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுரை வரை யோசித்து நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவி. ஆனால் மாத்திரை வந்துவிடுகிறது என்பதாலேயே ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. உணர்ச்சி குறைந்த காலை மூன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த முறை போகும்போது ஒரு சின்ன நோட்டில் மதமதப்பு எது வரை ஏறியிருக்கிறது, தொடுசோதனையில் எத்தனை தெரிந்தது, ராத்திரி தூக்கம் எப்படி, புதிதாக எந்த மாத்திரை என்று மாதம் ஒருமுறை எழுதியதைக் கொண்டுபோங்கள். தினமும் எழுத வேண்டாம், வலியை நினைத்துக்கொண்டே இருப்பதும் வலியைக் கூட்டும். அம்மா அன்றைக்கென்று புதுச் செருப்பு போட வேண்டாம். தினமும் போடுகிற தேய்ந்த செருப்பையே போட்டுக்கொண்டு வரட்டும். பாதத்தில் எந்த இடம் அதிகமாக அழுந்துகிறது என்பதை அதன் தேய்மானத்தில் பார்த்துவிடலாம்.